ரிவால்வரா, பிஸ்டலா: உரிமம் பெற்றவர் அறிய வேண்டியவை

மலேசியாவில் கைத்துப்பாக்கி என்பது கடைக்குப் போய் விலை பேசி வாங்கி வரும் பொருள் அன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க விரும்பும் எவரும் முன்கூட்டியே காவல்துறையிடம் உரிமம் பெற்றாக வேண்டும். அதை வழங்குவதும் மறுப்பதும் பிறகு மீட்டுக்கொள்வதும் மாநிலக் காவல்துறைத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா என்ற கேள்வி கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகச் சிறிய வட்டத்துக்குள்தான் எழுகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பெருமதிப்புள்ள சரக்கைக் கையாளும் நகை வணிகர்களுள் உரிமம் கிடைத்த ஒரு சிலர், 1971ஆம் ஆண்டின் தனியார் முகவர் நிறுவனச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாதுகாப்பு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள், அந்நிறுவனங்கள் அமர்த்தும் மெய்க்காவலர்கள், சுபாங் தேசிய சுடுதளம் போன்ற இடங்களில் விளையாட்டாகச் சுடுவோர் ஆகியோரே அவ்வட்டத்தினர். இவ்வத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாரும் படித்துவைப்பதில் பயன் உண்டு.

சட்டத்தின் கடுமையை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கருவித் தேர்வு பற்றிய எல்லா அறிவுரையும் அதற்குக் கட்டுப்பட்டது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவருக்கு ஆயுதச் சட்டம் ஏழாண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அதே குற்றம் 1971ஆம் ஆண்டின் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்கீழ் வழக்காடப்பட்டால் சிறை பதினான்கு ஆண்டு வரை நீள்வதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படியும் சேர்ந்துகொள்கிறது. கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற பட்டியலிட்ட குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு அச்சட்டம் கட்டாய மரண தண்டனை விதித்துவந்தது. 2023 சூலையில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மரண தண்டனையா முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்று முடிவு செய்யும் உரிமை நீதிபதிக்குத் தரப்பட்டிருக்கிறது. காற்றழுத்தத் துப்பாக்கியும் இந்நாட்டில் ஆயுதமே, போலித் துப்பாக்கியும் குற்றப் பொருளே என்பதை வெளிநாட்டு இணையக் கடைகளில் விளையாட்டுத் துப்பாக்கி தேடும் இளைஞர்களுக்கு நினைவூட்டுவது நல்லது.

இக்கடுமை அண்மையில் தோன்றியதும் அன்று. சுங்கை சிப்புட்டில் 1948 சூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசர காலத்தில், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்ற விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைதுசெய்யப்பட்டு, இந்திய அரசு முறையிட்டும் பயனின்றி, அவ்வாண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. கையில் இருந்தது என்பதே வழக்கு. மலேசியத் தமிழரிடையே துப்பாக்கி என்ற சொல்லுக்கே ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டும் இயங்கும் விதம்

ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியில், ஐந்து அல்லது ஆறு அறைகள் குடைந்த ஓர் உருளை குழலுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1836இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில், உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராக நிறுத்தும் வேலையைச் சுடுபவரின் விரலே செய்கிறது. இக்காலத்து ரிவால்வரில் விசையை முழுதாக இழுக்கும்போது பின்னாலுள்ள சுத்தி பின்வாங்குவது, உருளை ஓர் அறை தள்ளிச் சுழல்வது, சுத்தி விழுந்து தோட்டாவின் அடியைத் தாக்குவது ஆகிய மூன்றும் ஒரே இழுப்பில் நடக்கின்றன. அதனால்தான் அந்த இழுப்புக்கு ஏறத்தாழ 5 கிலோ விசை தேவைப்படுகிறது. சுத்தியைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்தால் 1.5 கிலோவுக்குச் சற்று முன்பின்னான அழுத்தமே போதும். சுடுதளத்தில் குறிபார்க்க இது வசதி. நடுங்கும் விரலோடு ஒருவரை எதிர்கொண்டு நிற்கும் வேளையில் இதுவே விபத்துக்கு வழி என்பதால், தற்காப்புக்கு ரிவால்வர் வைத்திருப்பவர் சுத்தியை முன்கூட்டி இழுத்து வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

தானியங்கிப் பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசின் என்னும் தகரக் கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கைப்பிடிக்குள் செருகப்படுகின்றன. ஒரு தோட்டா வெடித்ததும் அதன் பின்னுதைப்பு, ஸ்லைடு எனப்படும் மேல்பகுதியைப் பின்னுக்குத் தள்ள, அது வெற்றுக் கூட்டை வெளியே வீசி எறிந்துவிட்டு, சுருள்வில்லின் விசையால் முன்னோக்கித் திரும்பும்போது அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் அடைக்கிறது. ஒவ்வொரு முறை சுடவும் விசையைத் தனியாக இழுத்தாக வேண்டும் என்பதால் இதை அரைத் தானியங்கி என்று சொல்வதே துல்லியம். ஆஸ்திரிய இராணுவம் 1982இல் ஏற்ற கிளாக் 17 பிஸ்டலின் மேகசின் பதினேழு தோட்டா கொள்ளும்; அதன் விசைக்குத் தேவையான இழுப்பு 2.5 கிலோ அளவே. மலேசியக் காவலர் நீண்ட காலம் இடுப்பில் சுமந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் இடத்துக்கு வால்தர் பி99 போன்ற 9 மி.மீ. பிஸ்டல்கள் வந்ததும், சிங்கப்பூரின் ரோந்துக் காவலர் ஐந்து தோட்டா கொள்ளும் டாரஸ் ரிவால்வரை வெகுகாலம் விடாமலிருந்து பின்னர் பிஸ்டலுக்கு மாறியதும், உலகெங்கும் நடந்த ஒரே மாற்றத்தின் பகுதிகள்.

நம்பகம் என்பதன் இரு பொருள்

ரிவால்வர் ஒருபோதும் ஏமாற்றாது என்பது பரவலான நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. வெடிக்காத தோட்டா ஒன்று அகப்பட்டால் ரிவால்வர்காரர் செய்ய வேண்டியது விசையை மறுபடி இழுப்பது மட்டுமே. உருளை சுழன்று புதிய தோட்டாவைக் கொண்டுவந்துவிடும். பிஸ்டலில் அதே தோட்டா அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும்; மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடைப் பின்னிழுத்து விட்டு அதை வெளியேற்றிய பிறகுதான் அடுத்ததைச் சுடலாம். பிடி தளர்வாக இருந்தால் ஸ்லைடு முழுத் தொலைவும் பின்வாங்காமல் வெற்றுக் கூடு வாயிலேயே சிக்கிக்கொள்ளும். மேகசினின் மேல் விளிம்பு கீழே விழுந்து சற்றே நெளிந்திருந்தால் இரண்டு தோட்டாக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எதிரியின் உடலோடு ஒட்டி அழுத்தப்பட்ட பிஸ்டலில் ஸ்லைடு சற்றுப் பின்னகர்ந்து, சுடவே மறுப்பதும் உண்டு. இவ்வகைக் கோளாறுகள் ரிவால்வரில் எழ வழியே இல்லை.

ஆனால் ரிவால்வருக்கு வேறு கோளாறுகள் உண்டு, அவை அரிதாக வந்தாலும் வந்தால் தீர்ப்பது கடினம். தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும், அடி பட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி சரியாகப் பதியாமல் ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருந்தால் உருளை உடற்சட்டத்தோடு உரசிச் சுழலாமல் நின்றுவிடும். எரியாத மருந்துத் துகள்கள், வெற்றுக் கூடுகளை வெளித்தள்ளும் விண்மீன் வடிவத் தகட்டுக்கு அடியில் சேர்ந்தாலும் அதே நிலைதான். எடை குறைந்த ரிவால்வர்களில் வலிய தோட்டாக்களை இட்டால், பின்னுதைப்பின் குலுக்கலில் மற்ற அறைகளிலுள்ள தோட்டாக்களின் ஈயமுனை மெல்ல முன்னுக்கு நழுவி, உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழற்சியைத் தடுப்பதும் உண்டு. உருளையின் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும் ஒழுங்கு தேய்மானத்தால் பிசகினால், அதைப் பார்த்துச் சரிசெய்யத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் வேண்டும். பிஸ்டலின் கோளாறு அடிக்கடி வரக்கூடியது, ஆனால் பயின்ற கை இரண்டு நொடியில் தீர்த்துவிடும். ரிவால்வரின் கோளாறு எப்போதோ வருவது, ஆனால் வந்தால் அன்றைய சண்டை முடியும்வரை அது வெறும் இரும்புத் துண்டு. எனவே, "எது நம்பத்தக்கது" என்று கேட்பவரிடம், அவர் மாதம் எத்தனை முறை சுடுதளத்துக்குப் போகிறார் என்று திருப்பிக் கேட்பதே முறை.

மலேசியாவில் இந்த எதிர்க்கேள்விக்குத் தனி எடை உண்டு. துப்பாக்கிக்கு மட்டுமன்றித் தோட்டாவுக்கும் அனுமதி தேவை, வாங்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்பதால், தனியார் உரிமதாரர் ஒருவர் அமெரிக்க நூல்கள் பரிந்துரைப்பதுபோல் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுப் பழகுவது எளிதன்று. பயிற்சி குறைவாகவே கிடைக்கும் கைக்கு, கோளாறு தீர்க்கும் அசைவுகளை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத கருவியே பொருத்தம், அந்த அளவில், .38 ஸ்பெஷல் தோட்டா இடும் நடுத்தர எடை ரிவால்வரை இந்நூல் பரிந்துரைக்கத் தயங்கவில்லை. நிறுவனத்தின் செலவில் முறையாகப் பயிலும் மெய்க்காவலருக்கும் பணப்பெட்டிக் காவலருக்கும் இவ்வாதம் பொருந்தாது. அவர்களுக்குப் பிஸ்டலே ஏற்றது, காரணம் பின்னர் வரும்.

ஈரமும் வியர்வையும் பழைய தோட்டாவும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஆண்டு முழுதும் ஈரம் நிறைந்திருக்கிறது. துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் உப்பும் சேர்கிறது. சட்டைக்குள், இடுப்போடு ஒட்டிச் சுமக்கப்படும் துப்பாக்கியில் வியர்வை படும் பக்கம் மட்டும் ஓரிரு வாரத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். ரிவால்வரில் கவனிக்க வேண்டிய இடங்கள் சுத்தியின் அடிப்பகுதி, உருளையின் முன்முகம், உருளையைத் தாங்கும் மடிப்புக் கை ஆகியவை. பிஸ்டலில் வெற்றுக் கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி, மேகசினின் உட்சுவர், ஸ்லைடு ஓடும் தடங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இரண்டுக்கும் போதும். எண்ணெயை வழிய விடுபவர், பஞ்சுநூலும் தூசும் அதில் ஒட்டிப் பசையாகி, அடிக்கும் ஊசியின் வேகத்தைத் தடுப்பதைப் பின்னர் காண்பார். பெட்டகத்துக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியை வைத்து, அதன் நிறம் மாறியதும் மாற்றுவது சிறு செலவில் பெரும் பயன் தரும் ஏற்பாடு.

தோல் உறையிலேயே தோட்டாவையும் துப்பாக்கியையும் மாதக்கணக்கில் கிடத்தி வைக்கும் பழக்கம் இங்கே மிகுதி. தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பை உண்டாக்கும், களிம்பு படிந்த தோட்டா அறைக்குள் முழுதாகப் போகாது. உறை அணிவதற்கு, பெட்டகம் வைப்பதற்கு என்று பிரித்துக்கொள்வது நலம்.

பிஸ்டல் வைத்திருப்போரில் பலர் அறியாத ஓர் ஆபத்தை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடை உரிமையாளர் ஒருவர் ஒவ்வொரு காலையிலும் பிஸ்டலில் தோட்டா ஏற்றி, ஒவ்வோர் இரவும் அதை வெளியே எடுத்துப் பெட்டகத்தில் வைக்கிறார் என்று கொள்வோம். மேகசினின் மேலே நிற்கும் அதே தோட்டாதான் நாள்தோறும் ஸ்லைடின் வேகத்தால் அறையின் சரிவில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் ஈயமுனை பித்தளைக் கூட்டுக்குள் ஒரு சிறிது அமுங்குகிறது. சில வாரங்களில் அத்தோட்டாவைப் புதிய தோட்டா ஒன்றன் பக்கத்தில் மேசைமேல் நிமிர்த்தி வைத்துக் கண்மட்டத்தில் பார்த்தால், பழையது குட்டையாகியிருப்பது தெரியும். முனை உள்ளே அமுங்கியதால் மருந்துக்கான இடம் சுருங்கி, வெடிக்கும்போது எழும் அழுத்தம் கருவி தாங்கும் அளவைக் கடந்து போகக்கூடும், 9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் இந்த ஏற்றம் இன்னும் கடுமையானது. மேல்தோட்டாவை நாள்தோறும் வரிசையில் மாற்றி வைப்பதும், குட்டையானதைத் தனியே ஒதுக்கி ஆயுத வணிகரிடம் ஒப்படைப்பதும் இதற்கு வழி. ரிவால்வரில் தோட்டா கையால் மெதுவாக அறையில் வைக்கப்படுவதால் இச்சிக்கல் இல்லை. ஏற்றி இறக்கும் வேலை நாள்தோறும் நடக்கும் கடைகளில் ரிவால்வருக்கு ஆதரவாக நிற்கும் வலுவான காரணம் இதுதான் என்பது இந்நூலின் கருத்து. தோட்டாக் கொள்ளளவைப் பற்றிப் பேசுவோர் இதைப் பேசுவதில்லை.

இறக்குவதில் உள்ள இன்னொரு ஆபத்து உயிரையே வாங்கக்கூடியது. மேகசினை உருவி எடுத்துவிட்டால் பிஸ்டல் காலியாகிவிட்டது என்று நினைப்பவர், அறைக்குள் ஒரு தோட்டா எஞ்சியிருப்பதை மறந்துவிடுகிறார். மேகசினை முதலில் எடுத்து, பிறகு ஸ்லைடைப் பின்னிழுத்து, அறையைக் கண்ணாலும் சுண்டுவிரல் நுனியாலும் சோதித்த பின்னரே கருவி காலி என்று கொள்ளலாம். இவ்வரிசை மாறினால், ஸ்லைடு இன்னொரு தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். ரிவால்வரின் உருளையை வெளியே மடக்கினால் ஆறு பித்தளை அடிகள் இருக்கின்றனவா இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கடையின் அகலமும் எதிரியின் வேகமும்

நகைக்கடைக் கொள்ளை பெரும்பாலும் தலைக்கவசம் அணிந்த சிலர் மோட்டார் சைக்கிள்களில் வந்து, பாராங் கத்தியும் சுத்தியலுமாகக் கண்ணாடிப் பேழைகளை உடைத்து, அள்ளிக்கொண்டு, ஓரிரு நிமிடத்தில் மறைந்துவிடும் வகையில் நடக்கிறது. அந்நிமிடங்களில் எவ்வகைத் துப்பாக்கி என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முதற்கேள்வி. சால்ட் லேக் சிட்டிக் காவலர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில், கத்தி ஏந்திய ஒருவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவார் என்றும், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடப் பயின்றவருக்கும் அதே நேரம் பிடிக்கும் என்றும் காட்டினார். மலேசியக் கடை வரிசைகளில் ஒரு கடையின் வழக்கமான அகலம் 20 அல்லது 22 அடி. வாசலின் ஒரு மூலையில் நிற்கும் பாராங்காரருக்கும் எதிர்மூலைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளிக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே. பின்னறைப் பெட்டகத்தில் பூட்டப்பட்ட கருவி, ரிவால்வரானாலும் பிஸ்டலானாலும், அக்கணத்தில் இல்லாத கருவிக்குச் சமம்; அதை எடுக்க ஓடுபவர் வாடிக்கையாளரையும் ஊழியரையும் வாசலில் விட்டுவிட்டு ஓடுகிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரட்டைக் கதவு, உடையாக் கண்ணாடி, காவல் நிலையத்துக்கு நேரே ஒலிக்கும் அபாய மணி ஆகியவற்றுக்குச் செலவிட்ட பின்னரே துப்பாக்கி உரிமத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சுட்ட தோட்டா எங்கே போய் நிற்கும் என்பது அடுத்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஜாலான் தெங்கு கிளானாவின் அஞ்சடி நடைபாதையில் நிற்க இடம் இருக்காது. பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலும் அப்படியே. கடைக்குள்ளிருந்து தெருவை நோக்கிச் சுடப்படும் 9 மி.மீ. தோட்டா குறி தவறினால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு அக்கூட்டத்துக்குள் போகும். .38 ஸ்பெஷல் சற்று மெதுவானது, ஆயினும் கண்ணாடிக்கோ மெல்லிய பலகைக் கதவுக்கோ அது நிற்கப்போவதில்லை. மேகசினில் பதினேழு இருக்கிறது என்ற துணிச்சல் இங்கே தீமையாகவும் முடியலாம்: நியூயார்க்கில் 1999இல் ஆயுதமற்ற அமடூ டியாலோ என்பவரை நோக்கி, பிஸ்டல் ஏந்திய நான்கு காவலர்கள் 41 முறை சுட்டனர், அவற்றில் 19 அவர்மேல் பட்டன, மற்றவை எங்கெங்கோ போயின. பயின்ற காவலருக்கே அந்நிலை என்றால், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மனிதரை நோக்கித் துப்பாக்கி நீட்டும் வணிகரின் கை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் படங்களின் நாயகர்கள் ஆறு அறை ரிவால்வரிலிருந்து எண்ணிக்கையின்றிச் சுட்டுத்தள்ளுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஆறு தோட்டா குறைவாகத் தோன்றுவது இயல்பே.

இதற்கு மறுபக்கம் மியாமியில் 1986 ஏப்ரல் 11ஆம் நாள் வெளிப்பட்டது. இரண்டு கொள்ளையரை மடக்கிய அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினரில் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமுற்றனர்; பெரும்பாலோர் கையில் இருந்தவை ரிவால்வர்கள். அவர்களில் கையில் குண்டு பட்ட ஒருவரால் தம் ரிவால்வரை மீண்டும் நிரப்ப முடியவே இல்லை. வெற்றுக் கூடுகளை வெளித்தள்ளி, ஒவ்வோர் அறைக்குள்ளும் தோட்டா நுழைப்பது இரண்டு நல்ல கைகளுக்கே நுட்பமான வேலை. ஆறையும் ஒருசேர ஏற்றும் வட்டச் செருகி அதை விரைவாக்கினாலும் எளிதாக்குவதில்லை. மேகசினை உருவி இன்னொன்றைச் செருகுவது அதைவிட எளிது. அமெரிக்கக் காவல்துறைகள் ரிவால்வரைக் கைவிட இந்நிகழ்ச்சி பெரிதும் தூண்டியது. மெய்க்காவலருக்குப் பிஸ்டல் ஏற்றது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்: அவர் தப்பி ஓடுவதற்காக அன்றி, இன்னொருவரைக் காத்து நிற்பதற்காகவே சம்பளம் பெறுகிறார். 2024 ஏப்ரல் 14ஆம் நாள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதல் முனையத்தில், வருகை மண்டபத்தில் ஒருவர் தம் மனைவியைக் குறிவைத்துச் சுட்டபோது படுகாயமுற்றவர் அப்பெண்ணின் மெய்க்காவலர். அத்தகைய பணியாளருக்கு ஐந்து தோட்டாவும் கடினமான மறுநிரப்பலும் போதா.

வங்கி வாசலிலும் அடகுக் கடை முன்பும் நிற்கும், பேச்சுவழக்கில் ஜாகா எனப்படும் பாதுகாவலர்களின் நிலை வேறு. அவர்கள் ஏந்துவது பெரும்பாலும் நீண்ட பம்ப் துப்பாக்கியே என்பதால் இந்த ஒப்பீடு அவர்களை நேரடியாகத் தொடுவதில்லை. ஆயினும் சுபாங் ஜெயாவில் 2013 அக்டோபரில், போலி அடையாள அட்டை காட்டி வேலையில் சேர்ந்த பாதுகாவலர் ஒருவர் தாம் காக்க வேண்டிய வங்கியின் பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடியது, கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நிறுவனங்களுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

எப்போது சுடலாம் என்பதை மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. இந்தியாவில் 1860இல் எழுதப்பட்ட தொகுப்பின் வழிவந்தவை அவை; இந்தியா அத்தொகுப்பை 2024 சூலையில் விலக்கிவிட்டது, மலேசியாவில் பழைய எண்களே நீடிக்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது, காவல்துறையின் உதவியை நாட நேரமிருந்தால் இவ்வுரிமை இல்லை என்று 99ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் எழுவது போன்ற குறிப்பிட்ட நிலைகளில் எதிரியின் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்க 100ஆம் பிரிவு இடந்தருகிறது. நகைப்பையோடு ஓடிக்கொண்டிருப்பவரின் முதுகில் சுட்டவர், தம் கையில் இருந்தது எக்கருவியானாலும், நீதிமன்றத்தில் மிகக் கடினமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரும்.

கையும் வயதும்

வாங்குவதற்கு முன் கருவியை உரிமதாரரின் கையிலேயே பொருத்திப் பார்க்க வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவர் ரிவால்வரின் 5 கிலோ விசையை ஒரே விரலால் சீராக இழுக்கத் திணறுவார். அவரே பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னிழுக்கவும் திணறலாம், ஆனால் அதற்கு இரண்டு கைகளையும் தோள்வலுவையும் பயன்படுத்த முடியும். சிறிய, மிக இலேசான ரிவால்வர் பெண்களுக்கு ஏற்றது என்ற விற்பனைப் பேச்சை அப்படியே ஏற்பது தவறு. கான்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலை 2014இல் நிர்பீக் என்ற பெயரில், பெண்களின் தற்காப்புக்கென்றே, 500 கிராம் எடையுள்ள .32 ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்தால் சுமப்பது எளிது, ஆனால் அதே தோட்டாவின் உதைப்பைத் தாங்கிக்கொள்ள அங்கே இரும்பு குறைவாக இருப்பதால் முழு உதைப்பும் மணிக்கட்டுக்கு வருகிறது, கை அஞ்சத் தொடங்குகிறது, பயிற்சி நின்றுபோகிறது. ரிவால்வரைப் பிடிக்கும்போது மறுகையின் விரல்கள் உருளைக்கு முன்னே நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே பீறிடும் வெப்பவளி தோலைக் கிழிக்கவல்லது.

உரிமம் ஒருவரின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட கருவிக்கு, எழுதப்பட்ட நிபந்தனைகளோடு தரப்படுவது; வீட்டிலோ கடையிலோ வைத்திருப்பதற்கான அனுமதி, இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பதற்கான அனுமதியாகிவிடாது. தம்பியிடம் ஒரு நாளைக்குக் கொடுத்து வைப்பதும், ஊருக்குப் போகும்போது மைத்துனர் வீட்டுப் பெட்டகத்தில் விட்டுச் செல்வதும் இருவரையும் குற்றவாளிகளாக்கும். உரிமதாரர் இறந்துவிட்டால் கருவி பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்குவதில்லை. தந்தையின் அலமாரியில் துப்பாக்கியைக் காணும் குடும்பத்தார், அது உருளையுள்ள ரிவால்வரா, மேகசின் வைத்த பிஸ்டலா என்று அடையாளம் கண்டு சொல்ல முடிந்தால் காவலருக்கு உதவியாக இருக்கும். அதற்கு மேல் அதைக் காலி செய்யவோ, மேகசினை உருவவோ, வண்டியில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தாமே எடுத்துச் செல்லவோ முனையாமல், அறையைப் பூட்டிவிட்டு, உரிமத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதே சரியான நடைமுறை.